பைகளைச் சோதிக்கும் முன் பின்வாசல் கதவைப் பாருங்கள்: குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கைக்கு இது என் பதில். முதலில் சங்கத்தின் புகார்ப் பதிவேட்டில்தான் எழுதினேன். "பரிசீலிக்கப்படும்" என்று பக்கத்தில் குறித்துக் கையெழுத்துப் போட்டீர்கள். பரிசீலனை முடிந்து வந்த முடிவு இதுதான் என்றால், எல்லோரும் படிக்கும்படி எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மூன்று திருட்டுகள் நடந்த பிறகு மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறீர்கள். தளத்துக்குத் தளம் கேமரா. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் வெளியே போகும்போது கேட்டில் பைச் சோதனை. விருப்பமுள்ளவர்கள் டிஜிட்டல் பூட்டு மாட்டிக்கொள்ள ஒரு நிறுவனத்தோடு சலுகை ஒப்பந்தம். இரண்டு பக்கச் சுற்றறிக்கை. மூன்று திருட்டுக்கும் வழிவிட்ட பின்வாசல் கதவைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

என்னை உங்களில் சிலருக்குத் தெரியும். காப்பீட்டு நிறுவனங்களுக்காகத் திருட்டு இழப்புகளை மதிப்பிடும் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். திருடு போன வீட்டுக்குள் போனதும் எங்கள் ஆட்கள் பீரோவைப் பார்க்க மாட்டார்கள், கதவைத்தான் பார்ப்பார்கள். நெம்பித் திறந்த கதவு பொய் சொல்லாது. பூட்டுக்குப் பக்கத்தில் நிலைச்சட்டத்தில் மரம் பிளந்திருக்கும், கம்பியின் முனை அழுந்திய பள்ளம் இருக்கும், கீழே சிலாம்பு உதிர்ந்து கிடக்கும். பெயின்ட் புதிதாகப் பெயர்ந்த இடம் வெளுப்பாகத் தெரியும். நம் வளாகத்தில் திருடு போன வீடுகள் இரண்டையும் அவர்கள் அனுமதியோடு பார்த்தேன். நிலைச்சட்டத்தில் கீறல்கூட இல்லை. பேஸ்மென்ட் கதவிலும் இல்லை. எதையும் எவனும் உடைக்கவில்லை. நடந்து வந்திருக்கிறான், எடுத்திருக்கிறான், நடந்து போயிருக்கிறான்.

முதல் திருட்டு இரண்டாவது மாடியில். அந்த வீட்டம்மா துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருக்கிறார். கதவைச் சாத்தியிருக்கிறார், பூட்டவில்லை. பத்து நிமிடத்துக்கு யார்தான் பூட்டுகிறார்கள்? திரும்பி வந்தபோது மேசையில் சார்ஜர் வயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. லேப்டாப்பும் போனும் இல்லை. இதற்கு நம் செயலாளர் சங்கக் கூட்டத்தில் சொன்ன விளக்கம்: "அவங்க அஜாக்கிரதைக்கு சங்கம் என்ன பண்ணும்?" அவர் கதவுக்கு அவர்தான் பொறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கதவுவரை முன்பின் தெரியாத ஒருவன் ஏறி வந்ததற்கு அவர் எப்படிப் பொறுப்பாவார்? கீழே பின்வாசல் கதவு பூட்டியிருந்தால் அந்தப் பத்து நிமிட அசட்டை அசட்டையாகவே முடிந்திருக்கும். அதோடு, திருடியவன் செய்த குற்றத்தைத் திருட்டுக் கொடுத்தவர் தலையில் கட்டுவதை ஒரு சங்கம் மேடை போட்டுச் செய்யக் கூடாது.

இரண்டாவதைத்தான் நீங்கள் சரியாகக் கவனிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். முதல் மாடியில் தனியாக இருக்கும் பெரியவர், காற்றுக்காக மரக்கதவைத் திறந்து வைத்து, கிரில் கேட்டை வெறுமனே கொக்கி போட்டுவிட்டு மதியம் படுத்திருக்கிறார். பர்ஸ் போயிற்று. வாசலை ஒட்டி, ஆணியில் மாட்டியிருந்த மாற்றுச் சாவியும் போயிற்று. பர்ஸ் போனதைப் போலீஸில் எழுதிக் கொடுத்தார். சாவியை அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நீங்களும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்த நாளில் பீரோ காலி. இந்த முறை கதவு பூட்டித்தான் இருந்தது. நல்ல பூட்டுதான். சாவி அவன் கையில் இருந்தது.

நம் வளாகத்துக் கதவுகளில் இருப்பது உருளைப் பூட்டு, அதாவது சாவி போடும் உருளையை மட்டும் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய பூட்டு. கதவின் விளிம்பில், பூட்டின் நாக்குக்குக் கீழே ஒரே ஒரு நீளமான திருகு இருக்கும். அதைக் கழற்றி, சாவியை உள்ளே விட்டுக் கொஞ்சமாகத் திருப்பி இழுத்தால் உருளை அப்படியே கையோடு வந்துவிடும். புதியதைச் செருகி அதே திருகை முடுக்கினால் பழைய சாவி வெறும் பித்தளைத் துண்டு. ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், தச்சர்கூடத் தேவையில்லை. சாவி போன அன்றே இதைச் செய்யுங்கள் என்று பெரியவரிடம் யாராவது சொல்லியிருந்தால் பீரோ காலியாகியிருக்காது. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்து போகும்போது எத்தனை சாவி வெளியே போகிறது, எத்தனை திரும்பி வருகிறது என்ற கணக்கு சங்கத்திடம் இருக்கிறதா? செருப்பு ஸ்டாண்டிலும் மீட்டர் பெட்டியிலும் மிதியடிக்கு அடியிலும் சாவி வைக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு தடவையாவது எச்சரித்திருக்கிறீர்களா? திருட வருகிறவன் முதலில் தடவிப் பார்ப்பதே அந்த இடங்களைத்தான்.

ஒரு தடவை திருடு போன வீட்டுக்கும் அதன் அக்கம்பக்கத்துக்கும் அடுத்த சில வாரங்கள்தான் அதிக ஆபத்து. வழி தெரிந்துவிட்டது, உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரிந்துவிட்டது. வந்தவன் மறுபடி வருவான். இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துக் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களில் இதை வைத்தே ஒரு திட்டம் போட்டார்கள். திருடு போன வீட்டைத்தான் முதலில் பலப்படுத்தினார்கள். காசு போட்டு ஓடும் எரிவாயு, மின்சார மீட்டர்கள் திருடனுக்கு உண்டியலாக இருந்ததால் அவற்றை அகற்றினார்கள். சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் அந்த ஒரு வீட்டின் மேல் கண் வைக்கச் சொன்னார்கள். ஐந்து மாதத்தில் வீட்டுத் திருட்டு முன்பிருந்ததில் 40 சதவீதமாக இறங்கியது. ஊர் முழுக்கக் காவல் போடவில்லை; அடிபட்ட இடத்தில் மருந்து வைத்தார்கள், அவ்வளவுதான். நீங்கள் பெரியவர் வீட்டுக்கு யாரையும் அனுப்பவில்லை.

மூன்றாவது, பேஸ்மென்டில் இருந்து இரண்டு சைக்கிள்கள். அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அதே பின்வாசல் கதவு.

அந்தக் கதவுக்கு வருகிறேன். அதன் மேல்பக்கத்தில், திறந்த கதவைத் தானாக மெல்லச் சாத்தும் டோர் குளோசர் என்ற கருவி இருக்கிறது. பக்கவாட்டில் இரண்டு சின்னத் திருகுகள்: ஒன்று கதவு என்ன வேகத்தில் திரும்பி வர வேண்டும் என்பதற்கு, இன்னொன்று கடைசி ஒரு சாண் தூரத்தில் எவ்வளவு விசையோடு போய்ச் சேர வேண்டும் என்பதற்கு. அந்தக் கடைசி விசைதான் பூட்டின் நாக்கை நிலையில் உள்ள தகட்டின் துளைக்குள் தள்ளுகிறது. நம் குளோசரில் எண்ணெய் கசிந்து, சுவரில் கறுப்பாக வழிந்து காய்ந்து போயிருக்கிறது. எண்ணெய் இல்லாத குளோசரால் கதவைத் தாங்கிப் பிடிக்க முடியாது. கதவு தடாரென்று அடித்தது. தரைத்தளத்தில் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்காமல் புகார் செய்தார்கள். யாரோ ஒரு செங்கல்லை அண்டைக் கொடுத்தார்கள். கல் அங்கேயே தங்கிவிட்டது. இதற்கிடையே அடித்து அடித்து நிலைத்தகடு வளைந்துவிட்டதால், இப்போது கல்லை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாலும் நாக்கு உள்ளே போய் உட்காராது. விரலால் தள்ளினால் திறக்கிறது. நம்பிக்கை இல்லாதவர்கள் இன்றைக்கே போய்த் தள்ளிப் பார்க்கலாம்.

கல்லை வைத்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. இரண்டு கையிலும் சாமானோடு வருகிறவர், சிகரெட் பிடிக்க வெளியே போகிறவர், குழந்தையைச் சைக்கிளோடு வெளியே விடுகிறவர் எல்லோருக்கும் அந்தக் கல் உதவி செய்கிறது. எல்லோருக்கும் பொதுவான கதவைப் பூட்டுவது யார் வேலை? "கடைசியாக வருகிறவர் பூட்டவும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். இத்தனை வீட்டில் கடைசியாக வருகிறவர் தான்தான் என்று யாருக்குத் தெரியும்? மனிதர்களின் ஞாபகத்தை நம்பிப் பொதுக் கதவை விட்டால் அது திறந்துதான் கிடக்கும். தானாகப் பூட்டிக்கொள்கிற மாதிரி செய்துவிட்டால் ஞாபகமே தேவையில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மேற்கு ஜெர்மனியில் 1960களின் தொடக்கத்தில், பழைய கார் புதிய கார் என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் ஸ்டியரிங் பூட்டு இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கார் திருட்டு சரிந்தது. பிரிட்டனில் 1971ல் புதிய கார்களுக்கு மட்டும் கொண்டுவந்தார்கள். திருடர்கள் பழைய கார்களுக்குப் போய்விட்டார்கள். நெதர்லாந்தில் 1999 முதல் புதிதாகக் கட்டும் ஒவ்வொரு வீட்டின் கதவும் ஜன்னலும் திருடனைத் தாக்குப்பிடிக்கும் தரத்தில் இருக்க வேண்டும் என்று கட்டட விதியில் சேர்த்தார்கள். அந்த வீடுகளில் திருட்டு 26 சதவீதம் குறைந்ததாகப் பின்னால் நடந்த ஆய்வு காட்டியது. வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வைத்து "ஜாக்கிரதையா இருங்க" என்று யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

உங்கள் டிஜிட்டல் பூட்டு ஒப்பந்தம் பிரிட்டன் செய்ததைப் போன்றது. வசதி உள்ளவர் மாட்டுவார். பொதுக் கதவு திறந்தே கிடப்பதால் உள்ளே வருகிறவன் அடுத்த கதவுக்குப் போவான், அதாவது பெரியவர் வீட்டுக்கு. ஒப்பந்தத்துக்காக வந்த விற்பனையாளர் நம் கூட்டத்தில் அரைமணி நேரம், எந்தப் பூட்டையும் கம்பி விட்டுத் திறந்துவிடலாம் என்று பயமுறுத்தினார். 1851ல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்த சமயத்தில், பிராமா என்ற பூட்டு நிறுவனம் தன் கடை ஜன்னலில் சவாலாக வைத்திருந்த பூட்டை ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு நிபுணர் சாவியில்லாமல் திறந்தார். அதற்கு அவருக்கு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்தது. நம் படியேறி வருகிறவன் ஹாப்ஸ் இல்லை. கைப்பிடியைத் திருகிப் பார்க்கிறான். திறந்தால் உள்ளே, இல்லாவிட்டால் அடுத்த கதவு. அவனை நிறுத்த ஏற்கெனவே நம் கதவுகளில் இருக்கும் பூட்டே போதும், பூட்டினால். வெறுமனே இழுத்துச் சாத்தினால் சாய்வான நாக்கு மட்டும்தான் விழும். அதை ஒரு பிளாஸ்டிக் அட்டையால் பின்னுக்குத் தள்ளிவிடலாம். சாவியைத் திருப்பினால் வரும் சதுர நாக்கை அப்படித் தள்ள முடியாது. இந்த வித்தியாசத்தை ஒரு சுற்றறிக்கையில் படம் போட்டுச் சொல்லியிருந்தால் பாராட்டியிருப்பேன்.

கேமராவை நான் ஒரேயடியாக எதிர்க்கவில்லை. வாகன நிறுத்துமிடங்களில் கேமராவால் திருட்டு குறைகிறது என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பேஸ்மென்டில் வையுங்கள். ஆனால் யாராவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால்தான் கேமரா நன்றாகப் பலன் தரும் என்பதும் அதே ஆய்வுகளில்தான் இருக்கிறது. இருக்கிற ஒரு செக்யூரிட்டி கேட்டையும் பார்த்து, தண்ணீர் மோட்டாரையும் போட்டு, பார்சலையும் வாங்கி வைக்கிறார். திரையை யார் பார்ப்பது? தொப்பி போட்ட ஒருவன் செங்கல்லைத் தாண்டி உள்ளே வருவதை நாளைக்குத் தெளிவான படமாகப் பார்க்கப் போகிறோம், அவ்வளவுதான். "போனால் இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று ஒரு உறுப்பினர் சொன்னார். அவருக்கு என் பழைய வேலையை வைத்துச் சொல்கிறேன்: வீட்டுத் திருட்டுக் காப்பீட்டில் பல பாலிசிகள், வலிந்து உடைத்து நுழைந்ததற்கான தடயம் இருந்தால்தான் பணம் தரும். தடயமே இல்லாத கதவுகளைப் பார்த்து எத்தனையோ பேருக்குப் பாதகமாக அறிக்கை எழுத வேண்டியிருந்தது. உங்கள் பாலிசியை எடுத்துப் படித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.

இப்போது, என்னை உட்கார்ந்து இந்த மடலை எழுத வைத்த விஷயம். மூன்றாவது திருட்டுக்குப் பிறகு, வளாகத்தில் நான்கு வீடுகளில் வேலை பார்த்த ஒரு பெண்ணைக் கேட்டுக்குள் விடக் கூடாது என்று வாய்மொழியாக உத்தரவு போட்டீர்கள். காரணம் கேட்டதற்கு, "சந்தேகம்" என்றார்கள். பீரோ காலியான நாளில் அவர் வேலைக்கே வரவில்லை. கேட்டில் செக்யூரிட்டி எழுதும் வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். நீங்களும் பார்த்திருக்கலாம், பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒரே நாளில் நான்கு வீட்டுச் சம்பளம் போன அந்தப் பெண்ணுக்கு சங்கம் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அவரைப் போன்ற மற்றவர்களின் பைகளையும் கேட்டில் நடுரோட்டில் வைத்துக் கொட்டிப் பார்க்கப் போகிறீர்கள். வெளியாள் வரும் வழியில் கல் வைத்துத் திறந்துவிட்டு, பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டு வருகிறவர்களைச் சோதிப்பது என்ன பாதுகாப்பு?

பின்வாசலைப் பூட்டச் சொன்னால் "தீ விபத்து நடந்தால் என்ன செய்வது" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை, பைச் சோதனை யோசனையோடு சேர்ந்தே வரலாற்றில் கிடக்கிறது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தபோது 146 தொழிலாளர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். ஒன்பதாவது மாடியில் படிக்கட்டுக்குப் போகும் ஒரு கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகிறவர்களை ஒரே வழியாக அனுப்பி, எதையாவது எடுத்துப் போகிறார்களா என்று பைகளைப் பார்ப்பதற்காக வைத்திருந்த ஏற்பாடு அது. ஆகவே வெளியே போகிறவரைத் தடுக்கும் பூட்டை நான் கேட்கவில்லை. வெளியிலிருந்து சாவியில்லாமல் திறக்காது, உள்ளேயிருந்து குறுக்குக் கம்பியைத் தள்ளினால் உடனே திறக்கும் என்கிற ஏற்பாடு நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. 1883ல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் ஓர் அரங்கின் கதவருகே நெரிசலில் 183 குழந்தைகள் இறந்த பிறகு அதற்கான தேடல் தொடங்கியது. 1892ல் ராபர்ட் பிரிக்ஸ் என்பவர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். தியேட்டரிலும் ஆஸ்பத்திரியிலும் நீங்கள் தினமும் தள்ளிக்கொண்டு போகும் கதவுகள்தான். தீயையும் திருட்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டியதில்லை.

நான் கேட்பவற்றைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன், பிறகு "என்ன வேண்டும் என்று சொல்லவில்லை" என்று வரக் கூடாது.

பைச் சோதனை உத்தரவை உடனே திரும்பப் பெறுங்கள். அந்தப் பெண்ணின் மேல் போட்ட தடையை நீக்கி, ஆதாரமில்லாமல் தடை போட்டதற்கு வருத்தம் தெரிவித்து, சங்கத்தின் முத்திரையோடு அவர் கையில் ஒரு கடிதம் கொடுங்கள். அடுத்த வீட்டில் வேலை கேட்கும்போது அவருக்கு அது தேவைப்படும். வாய்மொழியாக யாரையும் தடுக்கும் வழக்கத்தையும் இத்தோடு நிறுத்துங்கள்.

கேமராவுக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து முதல் செலவாகப் பின்வாசலுக்கும் பேஸ்மென்டுக்கும் புதிய குளோசர், புதிய நிலைத்தகடு, உள்ளேயிருந்து தள்ளித் திறக்கும் கம்பிப் பூட்டு ஆகியவற்றைப் போடுங்கள். கதவு ஒரு நிமிடத்துக்கு மேல் திறந்தே நின்றால் ஒலி எழுப்பும் சின்னக் கருவியும் அதோடு சேரட்டும். அது இல்லாவிட்டால் கல் திரும்பி வந்துவிடும். சாமானோடு வருகிறவர்களுக்காக முன்வாசலில் ஒரு தள்ளுவண்டி வாங்கி வையுங்கள். கல்லுக்கான தேவையையும் தீர்க்க வேண்டும் அல்லவா? இரவு ஒரு முறை இரண்டு கதவுகளையும் தள்ளிப் பார்த்துப் பதிவேட்டில் நேரம் குறித்துக் கையெழுத்திடும் பொறுப்பைக் குறிப்பிட்ட ஒருவரிடம் எழுத்தில் கொடுங்கள்.

சாவி தொலைந்தாலோ குடியிருப்பவர் மாறினாலோ பூட்டின் உருளையை மாற்றியே ஆக வேண்டும் என்று விதி கொண்டுவாருங்கள். பெரியவர் வீட்டில் அதை இந்த வாரமே சங்கச் செலவில் மாற்றுங்கள். பழைய சாவி இன்னும் எவன் பையிலோ இருக்கிறது. அவருடைய தளத்தில் உள்ள மற்ற வீட்டுக்காரர்களிடம் அடுத்த சில வாரங்களுக்கு அந்தக் கதவைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்கள். நான் என் பங்குக்கு ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டிஜிட்டல் பூட்டு ஒப்பந்தத்தை இதெல்லாம் முடியும்வரை ஒத்திவையுங்கள். அந்த நிறுவனத்தோடு நிர்வாகக் குழுவில் யாருக்காவது தொடர்பு உண்டா என்பதையும் பொதுக்குழுவில் அறிவியுங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்வதில் சிரமம் இருக்காது.

பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். சுற்றறிக்கை ஒட்டிய அதே பலகையில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம் என்று காரணத்தோடு, பதினைந்து நாட்களுக்குள் ஒட்டுங்கள். வராவிட்டால், விதிப்படி போதிய உறுப்பினர்களின் கையெழுத்தோடு சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லி மனு கொடுப்பேன். கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டேன்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடியில் வசிக்கும் சங்க உறுப்பினர், ஓய்வு பெற்ற காப்பீட்டு சர்வேயர்